மழைக்கு முன்னா, பின்னா

தக்காளி விதை என்று மட்டும்தான் சொன்னேன்.
"மழைக்கு முன்னாலயா, பின்னாலயா?"
என்றார் பாரிமுனை விதைக்கடை ஜலாலுதீன்.
இந்த ஊரில் அதற்கு மேல் பருவங்கள் கிடையாது.

ஆவணி இரண்டாம் ஞாயிறு.
மின்விசிறிக் காற்றில் உறைகள் படபடக்கின்றன.
எல்லா உறையிலும் ஒரே பழம்,
ஒரே பளபளப்பு, ஒரே இடத்தில் நீர்த்துளி.
திருப்பிப் பின்பக்கம் படிக்கிறேன்.
பொடி எழுத்துதான் என் பிழைப்பு:
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்
குழாய்களுக்குப் பெயரும் தேதியும் ஒட்டுகிறவள்.

கலப்பினம்.
தோல் தடிமன், லாரியில் கல்கத்தா போனாலும் கசங்காது.
என் பழத்துக்கு
மொட்டைமாடியிலிருந்து அடுப்படிவரைதான் பயணம்,
பதினெட்டுப் படி.

பி.கே.எம். ஒன்று.
தோளில் பச்சை மாறாத தட்டைப் பழம்.
"வெயிலைத் தாங்கும். தேங்கின தண்ணியைத்தான் தாங்காது"
என்றார், தன் மைத்துனரைச் சொல்வதுபோல.

செர்ரி, கோலிக்குண்டு அளவு.
மழையில் வெடிக்காதாம்.
வெடிக்க அதற்கு உடம்பு வேண்டாமா?
போன வருஷம் நான் நட்ட பெங்களூர் உருண்டைகள்
ஒரே ராத்திரி மழையில் வாய் பிளந்தன.
காலையில் போய்ப் பார்த்தால்
எறும்புகள் எனக்கு முன்பே வரிசையில்.

கடைசியாக, நாளிதழ்த் துண்டில் மடித்த நாட்டு விதை.
பெயரில்லை. யாரோ காசுக்குப் பதிலாய்க் கொடுத்துப் போனதாம்.
எத்தனை நாளில் காய்க்கும்?
"அதுக்குத் தோணும்போது."

அங்கேதான் இடிக்கிறது.
எனக்கு நாள் கணக்கு வேண்டும்.
பதினொரு மாத ஒப்பந்தம்;
மார்கழி பிறக்குமுன் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்,
வீட்டுக்காரர் தேவசகாயத்தின் மகள் கனடாவிலிருந்து வருகிறாள்.
கடை வாசலில் நின்று விரல் மடக்கினேன்.
நாற்றுக்கு இருபத்தைந்து,
நட்டபின் எழுபது,
கார்த்திகை பாதி ஆகிவிடுகிறது.
கையில் மிஞ்சுவது பதினைந்து நாள்.
அதில் ஐப்பசி அடைமழைக்கு எவ்வளவு கழிப்பது?
உறையில் போடவில்லை.

நான்கு பைக்குத்தான் அனுமதி.
தளம் ஒழுகுகிறதென்று சங்கச் செயலாளர் போட்ட சட்டம்.
பி.கே.எம். இரண்டு, செர்ரி ஒன்று என்று முடிவுசெய்து
பணம் கொடுக்கும்போது
நாளிதழ்ப் பொட்டலமும் கைப்பையில் ஏறியிருந்தது.
நான் வைத்தேனா, அவர் போட்டாரா,
இன்றுவரை தெரியாது.

கூடத்து ஸ்டிக்கர்களையே பைகளில் ஒட்டினேன்.
பெயர், வயது, மாதிரி சேகரித்த நேரம்.

செர்ரிக்கு வெள்ளை ஈ. புரட்டாசியிலேயே இலை சுருண்டது.
ஐப்பசியில் கொரட்டூர் ஏரி நிரம்பி
எங்கள் தெருவுக்கும் பங்கு வந்தது.
முழங்கால் தண்ணீரில் வேலைக்குப் போய்
இரவு திரும்பி
டார்ச் வெளிச்சத்தில் பைகளைத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இழுத்தேன்.
ஒரு பி.கே.எம். நின்றபடியே வாடிப்போயிருந்தது,
ஈரத்தில் நனைந்துகொண்டே தாகத்தில் செத்ததுபோல.
வண்டிக்காரர் கிலோ நூற்றிருபது என்றார்.
வீட்டில் ரசத்தில் புளி கூடியது.

மிஞ்சிய ஒன்று பதினொரு பழம் கொடுத்தது.
எண்ணினேன். தோளில் பச்சை,
அறுத்தால் கண் சுருங்கும் புளிப்பு.
நாலு நாள் சட்னி, ஒரு நாள் தொக்கு, முடிந்தது.

டெம்போ வந்த காலை
பெயரில்லாதது இடுப்புயரம் நின்றது,
முதல் பூ, அதுவும் ஒன்றே ஒன்று.
ஏற்றலாம் என்றான் டெம்போ ஓட்டுநர் சற்குணம்,
கட்டிலுக்கும் பீரோவுக்கும் இடையில்.
புது வீட்டுக்கு மாடி உரிமை இல்லை.

கனடாவில் தக்காளிக்கு முதல் பனிதான் எல்லையாம்;
அதற்குள் காயையாவது பறித்துவிடுவார்களாம்.
வருகிறவள் இங்கே எதற்கு அவசரப்பட வேண்டும்
என்று யாராவது சொல்ல வேண்டுமே.
பையில் புது ஸ்டிக்கர் ஒட்டினேன்.
பெயர்: தெரியாது.
வயது: நூறு நாளுக்கு மேல்.
மாதிரி சேகரிக்கும் நேரம்:
அதுக்குத் தோணும்போது.